நகரும் இல்லம்: மொங்கோலியரின் ‘கெர்’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீடு என்றவுடன் அத்திவாரமும் சுவரும் கூரையுங் கொண்டு ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் கட்டடமே உழவுத் தொழிலை அடிப்படையாகக் கொண்ட சமூகத்தவரின் நினைவில் எழும். வீடு வளவு என இணைத்துக் கூறும் நம்மவரின் வழக்கே வீட்டிற்கும் நிலத்திற்கும் உள்ள பிணைப்பைக் காட்டப் போதுமானது. ஆயின் ஆசியாக் கண்டத்தின் நடுவே பரந்து கிடக்கும் புல்வெளிகளிற் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்த வீடு அத்தகையதன்று. அது மரச்சட்டங்களாலும் ஆட்டு உரோமத்தாலும் அமைந்தது, வட்ட வடிவினது, ஓரிரு மணித்தியாலங்களிற் பிரித்து எருது வண்டியிலோ ஒட்டகத்தின் முதுகிலோ ஏற்றிச் செல்லத்தக்கது. மொங்கோலியர் அதனைக் ‘கெர்’ என்பர். வெளியுலகம் அதனை ‘யூர்ட்’ என்ற பெயரால் அறிந்துள்ளது.

இவ்வில்லத்தைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. நாகரிகம் என்பது நகரத்தோடும் கல்வீட்டோடும் தொடங்குவதெனக் கருதியோர் இதனை வளர்ச்சி குன்றிய மக்களின் கூடாரமெனத் தள்ளினர். இதற்கு நேர்மாறாக, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் எழுந்த எளிய வாழ்க்கை இயக்கத்தினர் இதனைப் போற்றத் தொடங்கினர். 1962 ஆம் ஆண்டு அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் மொங்கோலியா பற்றி வெளிவந்த கட்டுரையினாற் கவரப்பட்ட வில்லியம் கோப்பர்த்வெயிற் என்பார் மரத்தாலான யூர்ட் வீடுகளை அந்நாட்டில் அமைக்கலானார். பின்னர் எழுந்த சிறுவீட்டு இயக்கமும் இதே மனநிலையின் தொடர்ச்சியே. குறைந்த செலவு, குறைந்த உடைமை, இயற்கையோடு நெருக்கம் என்பன அவ்வியக்கத்தினர் கூறும் நயங்கள். இகழ்ந்தோரும் புகழ்ந்தோரும் ஒரு தவற்றினைப் பொதுவாகச் செய்தனர் எனலாம். இருசாராரும் வீட்டினை மட்டுமே நோக்கினர். அவ்வீடு நகர்ந்து செல்லும் புல்வெளியை நோக்கினாரிலர். கெர் என்னும் இல்லத்தின் நன்மைகள் யாவும் அது நகர்வதனாற் பிறந்தவை. அது நகராது நின்றபோது அந்நன்மைகளே குறைகளாக மாறின. மொங்கோலியாவின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது.

முதலிற் பெயர்களை நோக்குதல் தகும். யூர்ட் என்பது துருக்கிய மொழிச் சொல். அம்மொழிகளில் அச்சொல்லுக்குக் கூடாரம் என்பது முதற்பொருளன்று. தங்குமிடம், உரிய நிலம், தாயகம் என்பனவே அதன் பொருள்கள். அச்சொல் இரஷ்ய மொழியில் ‘யூர்த்தா’ எனப் புகுந்து, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றபோது கூடாரத்தைக் குறிப்பதாயிற்று. நிலத்தைக் குறித்த சொல், நிலம் நீங்கி, அதன்மேல் நின்ற பொருளை மட்டுங் குறிக்க நேர்ந்தமை தற்செயலே ஆயினும் கருத்துக்குரியது. கசாக்கியர் இதனை உரோமக் கம்பள வீடு எனப் பொருள்படும் பெயராலும் கிர்கிஸ் மக்கள் சாம்பல்நிற வீடு எனப் பொருள்படும் பெயராலும் அழைப்பர். மொங்கோலியரின் கெர் என்ற சொல்லுக்கு வீடு என்பதே பொருள். அவர்களைப் பொறுத்தவரை அது வீடுகளில் ஒரு வகையன்று. வீடு என்பதே அதுதான்.

கெர் அமையும் முறை எளியது போலத் தோன்றினும் நுட்பமானது. வில்லோ முதலிய மரங்களின் மெல்லிய கழிகளைக் குறுக்குநெடுக்காக வைத்து, அவை சந்திக்கும் இடங்களைத் தோல்வாரினால் முடிந்து, விரித்தால் நீளவும் மடித்தால் ஒடுங்கவுங் கூடிய பின்னற் தட்டிகளாக ஆக்குவர். இத்தட்டிகளை வட்டமாக நிறுத்தி ஒன்றோடொன்று கட்டினாற் சுவர் உருவாகும். நடுவில் இரு தூண்கள் தாங்க உச்சி வளையம் ஒன்று உயர்த்தப்படும். சுவரின் மேல்விளிம்பிலிருந்து அவ்வளையத்தின் துளைகளுக்குக் கைமரங்கள் சூரியக் கதிர்கள் போலச் செல்லும். ஐந்து தட்டிகள் கொண்ட வீடே பெருவழக்கு. அத்தகைய வீட்டிற்கு ஏறக்குறைய எண்பது கைமரங்கள் வேண்டும். அதன் விட்டம் சுமார் ஆறு மீற்றர். தரையின் பரப்பு முப்பது சதுர மீற்றருக்குங் குறைவு. ஒரு குடும்பம் முழுவதும் உண்பதும் உறங்குவதும் விருந்தினரை வரவேற்பதும், குளிர்காலத்திற் பிறந்த ஆட்டுக்குட்டிகளைக் காப்பதும் இப்பரப்பினுள்ளேதான்.

சட்டத்தின்மேற் போர்த்தப்படுவது உரோமக் கம்பளம். இது தறியில் நெய்யப்படுவதன்று. கத்தரித்த ஆட்டு உரோமத்தைக் கோல்களால் அடித்துப் பிரித்து, பழைய கம்பளமொன்றின்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, நீண்ட கம்பொன்றிற் சுற்றி, தோலாற் பொதிந்து கட்டுவர். பின்னர் குதிரையோ ஒட்டகமோ அவ்வுருளையைப் புல்வெளியில் நெடுநேரம் இழுத்துச் செல்லும். உருண்டு உருண்டு உரோம இழைகள் ஒன்றையொன்று பற்றி இறுகிவிடும். இதற்கு அயலவர் கூட வேண்டும்; ஆதலால் அது வேலையாகவும் விழாவாகவும் அமைந்தது. இவ்வீட்டில் இரும்பாணிக்கு இடமில்லை எனலாம். தோல்வாரும் குதிரைமயிர்க் கயிறுமே அதனை ஒன்றாக வைத்திருப்பன. மரம் ஒன்று தவிர மற்றையவற்றுட் பெரும்பாலானவை மந்தையிலிருந்தே கிடைப்பன. மந்தை வாழும்வரை வீட்டைப் புதுப்பிக்கலாம் என்பது இதன் பொருள். மந்தை அழியின் வீட்டிற்கும் கேடு என்பதும் இதனுள் அடங்கும்.

பனிக்காலம் அறியாத நம்மவர்க்கு இவ்வில்லத்தின் தேவையை உணர்தல் சற்று அரிது. மொங்கோலியாவிற் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே முப்பது, நாற்பது பாகை செல்சியஸ் வரை இறங்கும். புல்வெளியிற் காற்றைத் தடுக்க மரமில்லை. வட்டவடிவான தாழ்ந்த வீட்டிற்குக் காற்று மோதும் மூலைகள் இல்லை. அதனால் அது புயலைத் தாங்கி நிற்கும். உள்ளிடம் சிறியதாதலின் நடுவிலுள்ள தீ விரைவில் அதனைச் சூடாக்கும். கோடையிற் கம்பளத்தின் அடிப்பகுதியைச் சற்று மேலே சுருட்டிவிட்டாற் காற்று ஊடுருவிச் செல்லும். எரிபொருள் உலர்ந்த சாணம். அது மந்தை மேய்ந்த இடமெங்குங் கிடக்கும். பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்வதால் ஓரிடத்துப் புல் முற்றாக அழியுமுன் அதற்கு ஓய்வு கிடைக்கும். கழிவுகளைப் பற்றிய கவலையும் இல்லை. குடும்பம் இடம்பெயரும்; வெயிலும் பனியும் காற்றும் மிச்சத்தைக் கவனிக்கும். கழிவகற்றலும் எரிபொருள் வழங்கலும் நிலப் பராமரிப்பும் என இக்கால நகரசபைகள் செய்யும் பணிகளை அங்கே இடப்பெயர்ச்சி ஒன்றே செய்தது. முப்பது சதுர மீற்றருக்குள் வாழ்ந்தவரின் உண்மையான இருப்பிடம் அடிவானம் வரை பரந்திருந்தது. கெர் அவ்விருப்பிடத்தின் அடுப்படியும் படுக்கையறையும் மாத்திரமே.

சிறிய இடத்திற் பலர் வாழ்வதாயின் ஒழுங்கு வேண்டும். கெர் எப்போதும் தெற்கு நோக்கியே வாயில் அமைப்பது. வடபுறம் மதிப்புக்குரிய இடம். குடும்பத் தலைவரும் மூத்த விருந்தினரும் அங்கு அமர்வர். வழிபாட்டுப் பொருள்களும் அங்கேயே இருக்கும். மேற்புறம் ஆடவர்க்கும் அவர்தம் சேணம் முதலியவற்றிற்கும் உரியது. கீழ்ப்புறம் பெண்டிர்க்கும் சமையற் கலங்களுக்கும் உரியது. நடுவில் தீ. உச்சி வளையத்தினூடு விழும் வெயில் கைமரங்களிலும் சுவரிலும் நகர்ந்து செல்வதைக் கொண்டு பொழுதறிவர். சுவரெழுப்பிப் பிரிக்க முடியாத இடத்தை வழக்கத்தினாற் பிரித்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மொங்கோலியப் பேரரசுக்குச் சென்ற பிரான்சிஸ்கன் துறவி ரூப்ரூக் வில்லியம் இவ்வொழுங்கினை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அவர் கண்டவற்றுட் பெரும்பாலானவை இன்றும் நாட்டுப்புற மொங்கோலியரிடையே காணப்படுவன.

வழக்கம் எவ்வளவு கடுமையாக இருந்ததென்பதற்கு அவர் தரும் நிகழ்ச்சி ஒன்று சான்று. வீட்டின் வாயிற்படியை மிதிப்பது பெருங்குற்றம். 1254 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மொங்கே கானின் இல்லத்திலிருந்து வெளியேறுகையில் வில்லியத்தின் தோழரான துறவி பர்த்தலோமியோ படியிலே இடறிவிட்டார். காவலர் உடனே அவரைப் பிடித்துச் சென்றனர். இவ்வழக்கம் அவருக்கு எடுத்துரைக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தமையால் அவர் மன்னிக்கப்பட்டார். ஆயின் கானின் இல்லத்தினுள் மீண்டும் புக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பூட்டும் தாழும் மதிலும் இல்லாத வீட்டிற்கு அந்த ஒரு மரத்துண்டே எல்லை என்பதை நோக்கின் இக்கடுமை அத்துணை விந்தையன்று.

புல்வெளியிலும் இவ்வாழ்க்கை குறையற்றதாக இருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. திறந்த அடுப்பின் புகை உச்சித் துளையால் வெளியேறுமுன் உள்ளிருப்போர் கண்ணையும் நெஞ்சையும் வருத்தியே செல்லும்; புகைபோக்கியுடன் கூடிய இரும்பு அடுப்பு இருபதாம் நூற்றாண்டிலேயே பெருவழக்காயிற்று. தனிமை என்பது அங்கு இல்லை. மணமுடித்த மகனுக்குப் புதிய கெர் ஒன்றைப் பக்கத்தில் அமைத்துக் கொடுப்பதும், இளைய மகன் தந்தையின் அடுப்பையும் இல்லத்தையும் பெறுவதும் இந்நெருக்கடியைத் தணிக்க ஏற்பட்ட ஏற்பாடுகள் எனலாம். யாவற்றினும் மேலாக, நகரும் வீட்டின் சுமை யார்மீது விழுந்தது என்ற வினா உண்டு. வண்டிகளை ஓட்டுவதும் வீடுகளை வண்டியில் ஏற்றி இறக்குவதும் பால் கறப்பதும் வெண்ணெய் எடுப்பதும் தோல் பதனிட்டுத் தைப்பதும் பெண்களின் வேலைகளாக இருந்தன என்கிறார் வில்லியம். ஒருத்தியே ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்த இருபது முப்பது வண்டிகளை நடத்திச் செல்வதையும் அவர் கண்டார். நாடோடி வாழ்வின் விடுதலையைப் பாடுவோர் இப்பக்கத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுவர்.

பேரரசுக் காலத்தில் இவ்வில்லம் அடைந்த பெருக்கம் வியப்புக்குரியது. ‘மொங்கோலியரின் மறைவான வரலாறு’ எனப்படும் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் செங்கிஸ்கான் 1206 இல் ஒன்றிணைத்த மக்களை உரோமக் கம்பளச் சுவருக்குள் வாழ்வோர் என்றே சுட்டுகின்றது. இனமோ மொழியோ அன்றி வீடே ஒரு மக்கட் கூட்டத்தின் அடையாளமாயிற்று. தலைவர்களின் வீடுகள் பிரிக்கப்படாமல் அப்படியே வண்டியில் ஏற்றப்பட்டன. அத்தகைய வண்டியொன்றின் சக்கரத் தடங்களுக்கிடையே வில்லியம் அளந்தபோது இருபது அடி இருந்தது. அதனை இழுத்தவை இருபத்திரண்டு எருதுகள். 1246 இல் குயுக் கான் அரியணை ஏறியபோது பாப்பரசரின் தூதராகச் சென்றிருந்த யோவான் கார்ப்பினி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கொள்ளக்கூடிய வெண்ணிறக் கூடாரமொன்றைக் கண்டதாக எழுதியுள்ளார். ஆகவே, கூடாரம் வறியோரின் இல்லமென்ற கருத்து அங்கு செல்லாது. 1235 இல் ஒகதெய் கான் காரகோரத்திற்கு மதிலெழுப்பிய பின்னரும் கான்கள் ஆண்டின் பெரும்பகுதியைப் புல்வெளிக் கூடாரங்களிலேயே கழித்தனர். அவர்களுக்கு நகரம் என்பது களஞ்சியமும் பட்டறையும் சந்தையும் கூடிய இடம். வசிப்பதற்குரிய இடம் வேறு.

மொங்கோலியாவின் இன்றைய தலைநகரின் தோற்றமும் இவ்வில்லத்தோடு தொடர்புடையது. 1639 ஆம் ஆண்டில் சனபசார் என்னும் சிறுவன் மொங்கோலிய பௌத்தத்தின் தலைமைக் குருவாக ஏற்கப்பட்டபோது அவனுக்கென அமைக்கப்பட்ட கூடார மடாலயமே அந்நகரின் தொடக்கம். மதிப்புக்குரியோரின் கூடாரம் எனப் பொருள்படும் ‘ஓர்கோ’ என்ற சொல்லே இரஷ்யர் வாயில் ‘உர்கா’ ஆயிற்று. கோயில்களும் துறவியரும் வணிகரும் கைவினைஞரும் சேர்ந்த அந்நகர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. ஒர்கொன், செலெங்கே, தூல் முதலிய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இருபதுக்கு மேற்பட்ட தடவை அது பெயர்ந்து, 1778 இல் தூல் ஆற்றங்கரையில் இன்றுள்ள இடத்தில் நிலைபெற்றது.

நகரம் நின்றது, அதனோடு கூடாரங்களும் நின்றன. ஒவ்வொரு குடும்பமும் தன் கூடாரத்தைச் சுற்றி மரக்கம்புகளால் உயர்ந்த வேலியடைத்துக் கொண்டது. இவ்வாறு வேலியடைத்த வளவுக்குக் ‘கஷா’ என்று பெயர். புல்வெளியில் மந்தையை அடைக்கும் பட்டிக்கும் இதே பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் இந்நகரைக் கண்ட இரஷ்யப் பயணி பிரெசெவால்ஸ்கி அதன் வீதிகளிற் குவிந்து கிடந்த அழுக்கினை வெறுப்புடன் விவரித்துள்ளார். அவருடைய பார்வையில் ஆதிக்க மனப்பான்மை உண்டென்பது உண்மையே. எனினும் அவர் கண்ட அழுக்கு மொங்கோலியரின் இயல்பினால் வந்ததன்று. இடம்பெயர்ந்து செல்வதையே கழிவகற்றும் முறையாகக் கொண்ட மக்கள் ஓரிடத்திற் கூட்டமாக நின்றுவிட்டனர். அதற்கு ஈடான வேறொரு முறை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றைய சிக்கலின் முதல் அறிகுறியை அங்கே காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நாடோடி மக்களை நிலைகுடிகளாக்குதல் முன்னேற்றத்தின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. அதன் கொடிய வடிவம் அண்டை நிலமாகிய கசாக்கிஸ்தானில் வெளிப்பட்டது. ஸ்டாலினின் ஆட்சியிற் கூட்டுப்பண்ணைத் திட்டத்தின் பெயரால் கசாக்கியரின் மந்தைகள் பறிக்கப்பட்டு, மக்கள் ஒதுக்கப்பட்ட இடங்களிற் குடியிருத்தப்பட்டனர். பல இடங்களில் வாக்களிக்கப்பட்ட வீடுகளே அங்கு இருக்கவில்லை. 1930 தொடக்கம் 1933 வரையான பஞ்சத்திற் சுமார் பதினைந்து இலட்சம் மக்கள் மாண்டனர் என ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். அவர்களுட் பெரும்பாலோர் கசாக்கியர். உயிர்பிழைத்தோரிற் பலர் எல்லை கடந்து ஓடினர். ஒரு வீட்டுவகையை மாற்றும் ஆணை ஒரு மக்கட் கூட்டத்தின் உயிரோடு விளையாடியதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. 1992 இல் சுதந்திர கசாக்கிஸ்தான் தன் அரச சின்னத்தின் நடுவில் வைத்தது கூடாரத்தின் உச்சி வளையத்தையே. அவ்வாண்டில் கிர்கிஸ்தானும் அதனையே தன் கொடியில் வைத்தது.

மொங்கோலியாவில் நிகழ்ந்தது வேறு. அங்கும் 1929 அளவில் மந்தைகளைக் கூட்டுடைமையாக்கும் முயற்சி தொடங்கிற்று. ஆயின் 1932 இல் மூண்ட பெருங்கிளர்ச்சியின் பின் அது கைவிடப்பட்டது. 1950களில் மீண்டும் தொடங்கிய கூட்டுறவாக்கம் அத்தசாப்தத்தின் இறுதியில் முற்றுப்பெற்றபோது மந்தைகள் கூட்டுறவுகளின் உடைமையாயின. ஆயின் மேய்ப்போர் தம் கெர்களுடன் பருவந்தோறும் இடம்பெயர்வது நிற்கவில்லை. கூட்டுறவுகள் வைக்கோலும் மிருக வைத்தியமும் இடம்பெயர வாகனமும் வழங்கின. மறுபுறத்தில் உலான்பாத்தர் என 1924 இற் பெயர்மாற்றம் பெற்ற தலைநகரிற் சோவியத் உதவியுடன் தொடர்மாடிக் கட்டடங்கள் எழுந்தன. நிலக்கரியால் இயங்கும் மின்நிலையங்களிலிருந்து வெந்நீர் குழாய்வழி ஒவ்வொரு வீட்டிற்குஞ் சென்று சூடேற்றியது. குழாய் செல்லாத கூடாரப் பகுதிகள் விரைவில் மறையப்போகும் எச்சங்களெனத் திட்டமிடுவோர் எண்ணினர். அவ்வெண்ணத்தின் விளைவாக அப்பகுதிகளுக்கு நீர்க்குழாயோ கழிவுக்குழாயோ திட்டமிடப்படவில்லை. தற்காலிகமானதெனக் கருதப்பட்ட ஒன்றிற்கு நிரந்தர வசதிகள் எதற்கு என்பதே வாதம்.

1990 இல் ஒருகட்சி ஆட்சி முடிவுற்றது. கூட்டுறவுகள் கலைக்கப்பட்டு மந்தைகள் தனியார்க்குப் பங்கிடப்பட்டன. தொழிற்சாலைகள் மூடப்பட்டமையால் நகரத்தவர் பலர் முதலிற் புல்வெளிக்கே திரும்பினர் என்பது பலர் அறியாத செய்தி. ஆயின் கூட்டுறவுகளோடு வைக்கோற் களஞ்சியமும் கிணறுகளைப் பராமரிக்கும் ஏற்பாடும் மறைந்திருந்தன. அந்நிலையில் ‘ட்ஸுட்’ வந்தது. கோடை வறட்சியினாற் புல் குறைந்த ஆண்டில் கடும் பனி பெய்து, அல்லது உருகிய பனி மீண்டும் உறைந்து, மேய்ச்சல் நிலம் பனிக்கட்டியால் மூடப்படும் நிலையை அச்சொல் குறிக்கும். ஆடுகளும் மாடுகளும் நின்ற இடத்திலேயே பட்டினியால் மடியும். 1999 இல் 33 மில்லியனாக இருந்த கால்நடைகள் மூன்று கொடிய குளிர்காலங்களின் பின் 2002 இல் 24 மில்லியனாகக் குறைந்தன. மீண்டும் 2009 இல் 44 மில்லியனாக இருந்தவை அடுத்த ஆண்டின் முடிவில் 33 மில்லியனாயின. மந்தையை இழந்த குடும்பத்திடம் எஞ்சியது கெர் ஒன்றே. அதனைப் பிரித்துப் பாரவூர்தியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் தலைநகருக்கு வந்தனர். கெர் இறுதியாக ஒருமுறை நகர்ந்தது. 1989 இல் ஏறத்தாழ ஐந்தரை இலட்சமாயிருந்த உலான்பாத்தரின் சனத்தொகை 2020 அளவிற் பதினைந்து இலட்சத்தை அண்மித்தது. நகரின் வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள மலைச்சரிவுகளில் கூடாரப் பகுதிகள் ஏறின. நகரத்தவரிற் பாதிக்கும் மேற்பட்டோர் அப்பகுதிகளிலேயே வாழலாயினர்.

இங்கு கெர் பற்றி முன்னர் கூறப்பட்ட நயங்கள் ஒவ்வொன்றையும் மீள நோக்குதல் வேண்டும். மெல்லிய கம்பளச் சுவர் விரைவிற் சூடேறும். விரைவிற் குளிரவுஞ் செய்யும். சூட்டைச் சேமித்து வைக்கும் கனம் அதற்கில்லை. ஆதலால் அடுப்பு இரவிலும் அணையலாகாது. நள்ளிரவில் யாரேனும் எழுந்து எரிபொருள் இட வேண்டும். புல்வெளியில் எரிந்தது சாணம். நகரில் மந்தையில்லை, சாணமுமில்லை. எரிந்தது நிலக்கரி, அதற்கும் பணம் வேண்டும். பணமில்லாதோர் கைக்கெட்டிய கழிவுப்பொருள்களை எரித்தனர். புல்வெளியில் ஒரு கெரின் புகை வானில் மறையும். மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தாக்கில், குளிர்ந்த கனத்த காற்று கீழே தங்க, வெப்பமான காற்று அதன்மேல் மூடிபோலப் படியும் குளிர்கால நாள்களில், இலட்சக்கணக்கான அடுப்புகளின் புகைக்குச் செல்ல வழியில்லை. குளிர்காலத்தில் உலகில் மிக மாசடைந்த காற்றுள்ள தலைநகர்களுள் ஒன்றாக உலான்பாத்தர் எண்ணப்படுவது இதனாலேயே. நுரையீரல் நோயினால் முதலில் வாடுவோர் குழந்தைகள். கழிவினை விட்டு விலகிச் சென்றோர் இப்போது வளவின் மூலையிற் குழி மலகூடம் வெட்டினர்; அதன் கசிவு அதே மண்ணிற் சேர்ந்தது. நீருக்கு வீதியிலுள்ள நீர் விற்பனை நிலையமே கதி. சிறுவர் தள்ளுவண்டியிற் கலன்களை வைத்துப் பனியில் இழுத்துச் செல்வர். தொடர்மாடிவாசி ஒருவர் தாராளமாக நீர் பாவிக்க, கூடாரப் பகுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து லீற்றரே கிடைத்தது. வீடு முன்போலவே இருந்தது. அடிவானம் வரை பரந்திருந்த மீதி வீடு போய்விட்டது.

இந்நிலையிலும் அம்மக்கள் ஏன் கெரை விட்டு நீங்கவில்லை என்ற வினா எழும். வறுமை ஒரு காரணம் என்பது வெளிப்படை. தொடர்மாடியில் ஓர் அறை வாங்கும் பணத்தின் சிறு பகுதிக்கே கெர் ஒன்றைப் பெறலாம். எனினும் அது ஒன்றே காரணமன்று. 2003 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தலைநகரில் 0.07 ஹெக்டேயர் நிலத்தை இலவசமாக உடைமையாக்கிக்கொள்ளும் உரிமையை அளித்தது. நிலத்தை எவருக்கும் தனியுடைமையாக்காத மரபில் வந்த மேய்ப்பர் முதன்முறையாக எழுநூறு சதுர மீற்றர் வேலிக்குச் சொந்தக்காரராயினர். ஊரிலிருந்து உறவினர் வரின் அதே வளவில் இன்னொரு கெர் எழும். நாய் வளர்க்கலாம், இறைச்சியைக் குளிரில் உறையவைத்துச் சேமிக்கலாம், மகனுக்கு மணமாகின் பக்கத்திலேயே இடமுண்டு. நாலாம் மாடியின் இரு அறைகளுக்குள் இவை இயலா. கூடாரப் பகுதியைச் சேரி எனச் சுருக்கமாகக் கூறிவிடுவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. அங்கு வாழ்வோருட் பலர் வேண்டுவது குழாயும் வடிகாலும் வெந்நீருமேயன்றி வளவை இழப்பதன்று.

அரசு எடுத்த நடவடிக்கைகளும் இச்சிக்கலின் தன்மையை உணர்த்துவன. 2017 இன் தொடக்கத்தில், நாட்டுப்புறத்தவர் தலைநகரிற் குடியேறுவது தடைசெய்யப்பட்டது. அத்தடை 2020 வரை நீடித்தது. இடம்பெயர்தலையே வாழ்வாகக் கொண்ட மக்களை இடம்பெயரலாகாதெனத் தடுத்தபோது அவர்கள் பதிவின்றி வந்து குடியேறினர்; அதனாற் பாடசாலை, வைத்தியசாலை முதலிய சேவைகளைப் பெறுவதிலேயே இடர்ப்பட்டனர். 2019 மே மாதத்தில் நகரிற் பதப்படுத்தாத நிலக்கரியை எரிப்பது தடைசெய்யப்பட்டு, அழுத்திச் செய்த எரிகட்டிகள் வழங்கப்பட்டன. காற்றில் நுண்துகள்கள் குறைந்தன என்பது ஏற்கத்தக்கதே. ஆயின் அவ்வாண்டுக் குளிர்காலத் தொடக்கத்திலேயே புதிய எரிபொருளின் காபனோரொட்சைட்டு வாயுவினால் நச்சூட்டமுற்றுப் பலர் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். சுற்றிவர இறுக மூடிய சிறு வீட்டில், பழைய அடுப்பில், வேறொரு பொருளை எரிப்பதன் ஆபத்து முன்கூட்டி எண்ணப்படவில்லை. புகையைக் குறைக்க முனைந்தோரும் வீட்டின் இயல்பை ஆராய்ந்தாரிலர்.

இவ்விடத்திலே மேலைநாட்டுச் சிறுவீட்டு ஆர்வலரோடு ஓர் ஒப்பீடு பொருந்தும். அங்கும் சிறுவீடு வைத்திருப்போரின் முதற் சிக்கல் வீடன்று; அதனை எங்கே நிறுத்துவது, நீரும் கழிவும் எவ்வழிச் செல்வது, உள்ளூர்ச் சட்டம் இடங்கொடுக்குமா என்பனவே. ஆயின் அவர்களுட் பலர் அவ்வாழ்வைத் தாமே தெரிந்தவர். வேண்டாதபோது பெரிய வீட்டுக்கு மீளக்கூடியவர். உலான்பாத்தரின் மலைச்சரிவில் வாழும் முன்னாள் மேய்ப்பருக்கு மீளுதற்கு மந்தை இல்லை.

2013 ஆம் ஆண்டில் கெர் அமைக்கும் கைவினை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதே காலத்தில் தலைநகரின் கூடாரப் பகுதிகளை அகற்றித் தொடர்மாடி எழுப்பும் திட்டங்களும் நடந்துகொண்டிருந்தன. இவ்விரண்டுக்கும் இடையே மக்கள் தாமாக ஒரு வழி கண்டுள்ளனர். வளவினுள் மரத்தாலோ செங்கல்லாலோ சிறு வீடொன்றைக் கட்டி, அதன் பக்கத்தில் கெரையும் வைத்துக்கொள்கின்றனர். குளிர்காலத்தைக் கல்வீட்டிலும் கோடையைக் கெரிலுங் கழிப்போர் உளர். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கெனக் கெரை ஒதுக்கி வைப்போரும் உளர். வேலியின் படலை வீதி செல்லும் திசைக்கேற்ப வடக்கிலோ மேற்கிலோ அமையலாம். உள்ளே கெரின் வாயில் இன்றுந் தெற்கு நோக்கியே இருக்கும்.